கோச்சம்மா வரும் செவ்வாய்

பிப்ரவரி 8

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால், நலம் என்றால் எந்த அளவுக்கு நலம், யார் பார்த்துச் சொன்னது என்று கேட்பாய். அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன். தொண்டைக்கு வைத்த கதிர்வீச்சு முடிந்து மூன்று மாதம் ஆகிறது. கட்டி போய்விட்டது என்று டாக்டர் சொன்னதை நீயே பக்கத்தில் நின்று கேட்டாய். குரல்தான் இன்னும் திரும்பவில்லை. கொஞ்ச நாள் வாயைத் திறக்காமல் இருங்கள் என்கிறார்கள். ஆயுசு முழுக்க "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திப் பிழைத்தவனுக்கு இது பெரிய தண்டனைதான். போனில் கட்டைவிரலால் தட்டினால் பாதி எழுத்து எங்கேயோ ஓடிவிடுகிறது. அதனால்தான் பேனாவைப் பிடித்துவிட்டேன். டிரைவிங் ஸ்கூல் கார் வாசலில் தூசி பிடித்து நிற்கிறது.

புதுச் செய்தி ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மாளை அனுப்பியிருக்கிறார்கள். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஹெல்த் கோச் என்று கழுத்தில் அட்டை மாட்டியிருக்கிறார். புற்றுநோய் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் பழையபடி நடமாடிப் பிழைக்கக் கூட இருந்து உதவுவதுதான் வேலையாம். நான் கோச்சம்மா என்று கூப்பிடுகிறேன். ஒவ்வொரு செவ்வாயும் வருகிறார். நல்ல மனுஷி.

ஏப்ரலில் லீவு போட்டு வருவதாகச் சொன்னாயே, அதை ஜூனுக்குத் தள்ளி வைத்துக்கொள். இங்கே மாடிப்படியை உடைத்துக் கட்டுகிறார்கள், ஒரே தூசி. கீழ்வீட்டுத் தச்சர் உன்னை விசாரித்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா

---

பிப்ரவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததில் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் முதல் பத்தி வரைக்கும்தான் நின்றது.

யார் இந்தக் கோச்சம்மா? என்ன படித்திருக்கிறார்? டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை என்றால் வீட்டுக்குள் வந்து என்னதான் செய்கிறார்? இந்த ஊரிலும் இப்படி நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். புற்றுநோய் வந்தவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். ஒருத்தர் சர்க்கரையை நிறுத்து என்பார், இன்னொருத்தர் மாத்திரையை நிறுத்து என்பார், எல்லாவற்றுக்கும் முன்னால் பெற்ற பிள்ளைகளோடு பேசுவதை நிறுத்து என்பார். உங்கள் தலையில் யாராவது மிளகாய் அரைத்துவிட்டுப் போவதற்கு நான் விடமாட்டேன்.

மாடிப்படி சமாசாரம் என்ன? தச்சர் மாமாவுக்குப் போன் போட்டேன். "படி நல்லாத்தானே இருக்கு பாப்பா, யாரு உடைக்கிறா?" என்று கேட்கிறார். அப்பா, உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அறுபத்து நாலு வயதில் புதிதாக எதற்குப் பழகுகிறீர்கள்? யார் பழக்குகிறார்கள்?

ஏப்ரலில் வரக்கூடாது என்று சொன்னது நீங்களா, அவரா?

பதில் எழுதுங்கள். பூசி மெழுகாமல் எழுதுங்கள்.

உங்கள் மகள்

---

பிப்ரவரி 26

அன்பு பாப்பா,

தீ பிடித்த கடைகளுக்குப் போய் அது தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது உன் வேலை. அந்த வேலையை ஆபீஸோடு விட்டுவிடு என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அப்பன் வீடு இன்னும் எரியவில்லை.

படி விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், சரி. ஜூனில் வா என்றதற்குக் காரணம் இருக்கிறது. வந்தபிறகு தெரிந்துகொள்வாய். சொன்னது நான்தான், கோச்சம்மா இல்லை. உண்மையைச் சொன்னால், "உங்க பொண்ணுகிட்ட சொல்லிடுங்களேன் சார்" என்றுதான் அவர் வருகிறபோதெல்லாம் சொல்கிறார். நான்தான் கேட்கவில்லை.

அவர் அதை நிறுத்து இதை நிறுத்து என்று ஒன்றும் சொல்வதில்லை. சொன்னால் நம்பமாட்டாய், புத்திமதி என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. உட்காருவார். "இந்த வாரம் எதைச் செஞ்சு பாக்கலாம்னு நெனைக்கிறீங்க சார்?" என்று கேட்பார். நான் காகிதத்தில் எழுதிக் காட்டும் வரைக்கும் சும்மா இருப்பார். போன வாரம் முடியாமல் போனது ஏன் என்று கேட்பார். டாக்டரிடம் கேட்க மறந்ததை நினைவுபடுத்துவார். அவ்வளவுதான். நான் கற்றுக்கொடுக்கும் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மாணவன் தடுமாறினால் பட்டென்று மிதித்துவிடுவேன். இந்த அம்மாள் அப்படி ஒன்று இல்லாமலே பக்கத்தில் உட்காருகிறார். முதலில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

உன் அப்பனைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. ரோட்டில் ஒரு நாய்கூட இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்கிறவன். பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவான். ஆஸ்பத்திரியில் சொன்னதை ஒரு அட்சரம் மாற்றாமல் செய்கிறேன். பயப்படாதே.

உன் அப்பா

---

மார்ச் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

எரிந்த கடைக்குள் நுழைந்ததும் எது எரிந்திருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. எது அங்கே இல்லை என்றுதான் பார்ப்பேன். தீ வைக்கிறவன் கல்யாணப் போட்டோவை முந்தின நாளே வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பான்.

உங்கள் இரண்டு கடிதத்தையும் எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவற்றில் சாப்பாடு இல்லை. ஹாஸ்டலில் இருந்தபோது நீங்கள் எனக்கு எழுதிய கடிதமெல்லாம் என்ன சமைத்தீர்கள், எது தீய்ந்தது, யார் வந்து தட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்கள் என்றுதான் இருக்கும். இப்போது ஒரு வாய் சோற்றைப் பற்றிக்கூட எழுதவில்லை. அந்த அம்மாள் உங்களைப் பட்டினி போடுகிறாரா?

தச்சர் மாமாவிடம் கேட்டேன். கோபப்படாதீர்கள், கேட்டேன். செவ்வாய்க்கிழமை அவர் வந்ததும் கதவைச் சாத்திவிடுகிறீர்களாம். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காதாம். அப்புறம் நீங்கள் உயிர் போகிற மாதிரி இருமுவீர்களாம். அப்புறம் இரண்டு பேரும் சிரிப்பீர்களாம். "என்னமோ எனக்கு ஒண்ணும் புரியல பாப்பா" என்கிறார். எனக்கும் புரியவில்லை. யாரை இரும வைத்துவிட்டு யார் சிரிப்பது?

சமையலறையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அடுப்புப் பக்கத்தில் பழைய காப்பித்தூள் டப்பா திறந்தபடி இருக்கிறது. உள்ளே வெள்ளையாக ஏதோ பொடி. டப்பாவில் பெயர் இல்லை, சீட்டு இல்லை. அது என்ன பொடி? யார் கொடுத்தது?

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "அவர் அனுமதி இல்லாம எதுவும் சொல்ல முடியாது மேடம், அவர்கிட்டயே கேளுங்க" என்றார்கள். மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களாம். அதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன் அப்பா. அம்மா போன பிறகு நமக்குள் எப்போது இப்படி ஒரு கதவு வந்தது?

உங்கள் மகள்

---

மார்ச் 15

பாப்பா,

என் சமையலறைக்குள் ஆள் விட்டுப் படம் எடுத்திருக்கிறாய். தச்சர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு ஒப்புக்கொண்டார். அவரை ஒன்றும் சொல்லவில்லை. நீ கேட்டால் யாரால்தான் மறுக்க முடியும்?

அந்தப் பொடி ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வாங்கியது. நான் நடந்து போக முடியாமல் இருந்ததால் கோச்சம்மா வாங்கி வந்து கொடுத்தார். இதற்கு மேல் கேட்காதே. உனக்குக் கெடுதலான விஷயம் எதையும் நான் மறைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிற ஒரு விஷயத்தை, அது சரியாகும் வரைக்கும் தள்ளி வைத்திருக்கிறேன். பெற்றவனுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா?

ஜூன் வரைக்கும் பொறுத்துக்கொள். உன்னைக் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்.

அப்பா

---

மார்ச் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆஸ்பத்திரி மருந்து என்றால் டப்பாவில் பெயர் இருக்கும், தேதி இருக்கும், எத்தனை வேளை என்று இருக்கும். காப்பித்தூள் டப்பாவில் வராது. இதே பதிலை என்னிடம் கடைக்காரர் ஒருத்தர் சொல்லியிருந்தால் பொய் என்று எழுதி அங்கேயே ஃபைலை மூடியிருப்பேன்.

பொறுத்துக்கொள் என்கிறீர்கள். முடியவில்லை. நீங்கள் வெட்கம் என்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. யாரோ உங்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னால் வேறு எப்படி யோசிக்க முடியும்?

அதனால் ஆஸ்பத்திரிப் புகார்ப் பிரிவுக்கு எழுதிவிட்டேன். உங்கள் கோச் பெயரில்லாத பொடி கொடுக்கிறார், நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரிக்கிறார், கதவைச் சாத்திக்கொள்கிறார் என்று எழுதினேன். போட்டோவையும் சேர்த்து அனுப்பினேன். விசாரணை முடியும் வரைக்கும் அவர் உங்கள் வீட்டுக்கு வரமாட்டார் என்று பதில் வந்துவிட்டது.

திட்டுங்கள். திட்டித் தீர்த்துவிட்டு நன்றாக இருங்கள். எனக்கு அது போதும்.

உங்கள் மகள்

---

ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

இத்தனை நாளுக்குள் உங்கள் பதில் வந்திருக்க வேண்டும். கோபம் என்றால் கோபம் என்று எழுதலாம் இல்லையா? தச்சர் மாமாவும் போனை எடுக்கமாட்டேன் என்கிறார். அந்த அம்மாள் ஏதாவது சொல்லி வைத்தாரா? வராமலே உங்களோடு பேசுகிறாரா?

ஒரு வரி எழுதுங்கள் அப்பா. "போடி" என்று எழுதினாலும் சரி.

உங்கள் மகள்

---

ஏப்ரல் 6

பாப்பா,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், கையில் ஊசி. பயப்படாதே, மோசமான கட்டம் தாண்டிவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று வார்டில் இருப்பவர்களையும் தச்சரையும் தடுத்து வைத்தேன். அவர்மேல் கோபப்படாதே.

இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

கதிர்வீச்சு என் விழுங்குகிற தசையையும் சுட்டுவிட்டது. சோறு மாதிரிக் கெட்டியான பொருள் இறங்காது. தண்ணீர் அதைவிட மோசம். தொண்டையில் நிற்காமல் வழிதவறி நுரையீரலுக்குப் போய்விடும். அந்தப் பொடி தண்ணீரைக் கொழகொழவென்று ஆக்குகிற பொடி. அப்படி ஆக்கிக் குடித்தால் மெதுவாக இறங்கும், திசை மாறாது. விழுங்கும் பயிற்சி சொல்லித்தருகிற தெரபிஸ்ட் எழுதிக்கொடுத்தது. ஆபரேஷனுக்குக் கழுத்தில் கத்தி வைத்ததிலிருந்து என் இடது தோள் தூக்க வராது, ஒவ்வொரு வேளையும் உறையைப் பிரித்து மூட முடியவில்லை. அதனால் அதை அந்த டப்பாவில் கொட்டி வைத்தேன். கொட்டியது நான்.

செவ்வாய்க்கிழமை கதவைச் சாத்தினது சாப்பிடுவதற்காக. எனக்குச் சாப்பிடவே பயமாகிவிட்டது பாப்பா. ஒரு கரண்டி மசித்த உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். தனியாக இருந்தால் கொட்டிவிட்டு, சாப்பிட்டேன் என்று எழுதி வைப்பேன். கோச்சம்மா எதிரில் உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்து அவரும் சாப்பிடுவார். இருமினால் பொறுப்பார். "போன வாரம் மூணு கரண்டி, இந்த வாரம் அஞ்சு. தேறிட்டீங்க சார்" என்பார். அப்போதுதான் சிரிப்போம்.

முதல் நாள் அவர், "இதெல்லாம் சரியானா முதல்ல என்ன செய்ய ஆசைப்படுறீங்க?" என்று கேட்டார். மறுபடி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எழுதுவேன் என்று நினைத்திருப்பார். மகள் வரும்போது அவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, இருமாமல், வாயில் வழியாமல், ஒரு வேளை முழுசாகச் சாப்பிட வேண்டும் என்று எழுதினேன். ஏப்ரலுக்குள் முடியாது, ஜூனில் முடியும் என்று கணக்குப் போட்டோம். அதற்குத்தான் ஜூன்.

உன் புகார் போனதும் ஆஸ்பத்திரி ஆபீஸிலிருந்து என் போனுக்குச் செய்தி வந்தது. விசாரணை முடியும் வரை கோச் கொடுத்த எந்தப் பொருளையும் பயன்படுத்த வேண்டாம் என்று இருந்தது. என் புத்திதான் உனக்குத் தெரியுமே. பொடியைக் கொண்டுவந்து கொடுத்தது கோச்சம்மா. டப்பாவை எடுத்துப் பரணில் வைத்துவிட்டேன். தெரபிஸ்டிடம் கேட்டிருக்கலாம். அதற்குள் விசாரணை முடிந்துவிடும், அடுத்த செவ்வாய் கோச்சம்மா வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். செவ்வாய் வந்தது, அவர் வரவில்லை. தாகம் தாங்கவில்லை. வெறும் தண்ணீரையே மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பார்த்தேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மத்தியானம் மூச்சு முட்டிவிட்டது. தச்சர்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல்.

உன்னைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. நீ இனி வேறு எதையாவது கற்பனை செய்யக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அப்பா

---

ஏப்ரல் 11

அப்பா,

டிக்கெட் எடுக்க உட்கார்ந்தேன், எடுக்காமலே எழுந்துவிட்டேன். இப்போதே வரட்டுமா, வந்தால் உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை. முதலில் கேட்டுவிட்டு வருகிறேன். இதுவரைக்கும் எதையும் நான் கேட்டுவிட்டுச் செய்ததில்லை.

புகாரைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். கோச்சம்மாவுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். அவரை மறுபடியும் உங்களிடமே அனுப்பச் சொல்லி ஆஸ்பத்திரிக்கும் எழுதினேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பொடியைக் கொஞ்சம் அனுப்பச் சொல்லிச் சோதித்துப் பார்க்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. நீங்கள் இவ்வளவு எழுதிய பிறகும் வந்தது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை அப்பா. உங்களை இழந்துவிடுவேனோ என்ற பயம்தான் இப்படிச் சந்தேகமாக ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். அதனால் மட்டும் அது நியாயமாகிவிடாது என்றும் தெரிகிறது.

என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

உங்கள் பாப்பா

---

ஏப்ரல் 20

அன்பு பாப்பா,

வீட்டுக்கு வந்துவிட்டேன். தச்சர் எனக்காகக் கட்டிலின் தலைமாட்டை உயர்த்திக் கொடுத்திருக்கிறார். சரிந்து படுத்தால் மூச்சு வாங்குவதில்லை.

விசாரணையில் கோச்சம்மா மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். நான் கிளம்பும் அன்றைக்கு வார்டுக்கு வந்து பார்த்தார். மறுபடி வருகிறீர்களா என்று எழுதிக் காட்டினேன். "இனிமே உங்க வீட்டுக்கு வந்தா ஒவ்வொரு வார்த்தையையும் பயந்து பயந்துதான் பேசுவேன் சார். அது உங்களுக்கு உதவாது" என்றார். வேறு ஒருத்தரை அனுப்புகிறார்களாம். அவர் எப்படியோ, பார்ப்போம். உன் கடிதம் கிடைத்தது என்று மட்டும் உன்னிடம் சொல்லச் சொன்னார்.

கிளம்பும்போது நர்ஸ், "உங்களுக்கு ஏதாவது ஆனா முதல்ல யாருக்குச் சொல்லணும்?" என்று கேட்டாள். இதுவரைக்கும் உன் பெயரைத்தான் கொடுத்திருந்தேன். இந்தத் தடவை தச்சர் பெயரைக் கொடுத்துவிட்டேன். கோபத்தில் செய்யவில்லை, பாப்பா, நன்றாக யோசித்துத்தான் செய்தேன். உனக்குச் சொன்னால், யார் சொன்னது, எந்த டாக்டர், என்ன ஆதாரம் என்று நீ கேட்டு முடிக்கும் வரைக்கும் நான் அங்கே படுத்துக் கிடக்க வேண்டும். அவர் ஒன்றும் கேட்கமாட்டார், கிளம்பி வந்துவிடுவார். அப்புறம் அவர் உனக்குச் சொல்வார். இது உனக்கு வலிக்கும் என்று தெரியும். எனக்கும் வலிக்கிறது.

இப்போது வரட்டுமா என்று கேட்டிருந்தாய். கேட்டது பிடித்திருந்தது. ஜூனிலேயே வா.

ஆனால் நாங்கள் போட்ட கணக்கு இந்த ஜூனில் நடக்காது. சாப்பாடு போக வயிற்றில் குழாய் வைத்துவிட்டார்கள். வாய் வழியாக எதுவும் கூடாது, இந்த வருஷம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். மேசையை எப்படியும் துடைத்து வைக்கிறேன். உனக்குப் பிடித்ததைச் சமைத்துத் தருகிறேன், உப்பு மட்டும் நீ பார்த்துச் சொல்ல வேண்டும். நீ சாப்பிடு. நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா